தொழில் உரிம மன்றங்களில் யாரை அமர்த்துவது, அமர்ந்தவரை யார் கேட்பது: தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தை முன்வைத்து ஒரு விவாதம்

சட்டமேசை (இழையைத் தொடங்கியவர்)

மருத்துவர், வழக்கறிஞர், பட்டயக் கணக்காளர் ஆகியோருக்கு உரிமம் தருவதும், தவறு செய்தவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்குவதும் அந்தந்தத் தொழிலுக்கான மன்றத்தின் கையில் இருக்கின்றன. அந்த மன்றத்தில் அமர்பவர்கள் எந்த வழியில் அங்கே வந்தார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம், அது தேர்தலா நியமனமா என்ற ஒற்றைக் கேள்வியில் முட்டி நின்றுவிடுகிறது. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019 என்பதை மூலத்திலேயே வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். உள்ளே வரும் வாசலை மாற்றுவதில் காட்டிய அக்கறையில் பாதியைக்கூட, உள்ளே வந்தவரைக் கட்டுப்படுத்தும் விதிகளில் நாடாளுமன்றம் காட்டவில்லை என்பதே என் வாதம். எழுதிய நல்ல விதியொன்றையும் அடுத்த உட்பிரிவிலேயே தளர்த்தியிருக்கிறார்கள்.

முதலில் பழைய ஏற்பாடு. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மருத்துவக் கவுன்சிலில், மருத்துவப் புலம் உள்ள பல்கலைக்கழகம் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாநிலப் பதிவேட்டில் உள்ள மருத்துவர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர். மாநிலத்துக்கு ஒருவரை, மாநில அரசைக் கலந்துகொண்டு மத்திய அரசு நியமித்தது. அதற்கு மேல் எட்டுப் பேரை மத்திய அரசே நேரடியாக நியமித்தது. தலைவரை இந்த உறுப்பினர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிந்தவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படவோ நியமிக்கப்படவோ தடை இருக்கவில்லை. ஒரே கூட்டம் திரும்பத் திரும்ப வந்து வேரூன்ற வழிவிட்டது இந்த ஓட்டைதான் என்று நான் கருதுகிறேன்.

2010 ஏப்ரலில், தனியார் கல்லூரி ஒன்றுக்குச் சாதகமாக நடக்கக் கையூட்டுப் பெற்றார் என்ற குற்றச்சாட்டில் கவுன்சிலின் அப்போதைய தலைவரை மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. அடுத்த மாதமே அவசரச் சட்டத்தின் மூலம் கவுன்சில் கலைக்கப்பட்டு, நிர்வாகக் குழு ஒன்றிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 2013இல் கவுன்சில் மீண்டும் உயிர்பெற்றது. 2016 மார்ச்சில் சுகாதாரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு கவுன்சிலின் செயல்பாட்டைக் கடுமையாக விமர்சித்தது. அதே ஆண்டு மே 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம், முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையில் ஒரு மேற்பார்வைக் குழுவை அமைத்தது. 2018 செப்டம்பரில் கவுன்சில் இரண்டாம் முறையாக அகற்றப்பட்டது. 2020 செப்டம்பர் 25 அன்று புதிய ஆணையம் நடைமுறைக்கு வந்தது.

புதிய ஆணையத்தில் மொத்தம் 33 பேர். ஒரு தலைவர், பதவி வழி வரும் பத்துப் பேர், பகுதிநேர உறுப்பினர்கள் 22 பேர். தலைவரைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழுவில் எழுவர் உள்ளனர். அமைச்சரவைச் செயலர் அதற்குத் தலைவர். சுகாதாரத் துறைச் செயலர் அதன் அமைப்பாளர். எஞ்சிய ஐவரும் மத்திய அரசு நியமிப்பவர்கள். ஒவ்வொரு காலியிடத்துக்கும் குறைந்தது மூன்று பெயர்களைக் குழு தர வேண்டும். அவற்றிலிருந்து ஒருவரை எடுத்துக்கொள்வதும் மத்திய அரசே. தேடுபவர், தேர்ந்தெடுப்பவர், பின்னர் நீக்கும் அதிகாரம் படைத்தவர் ஆகிய மூவரும் இங்கே ஒருவராகவே இருக்கிறார்.

நல்ல விதிகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. பதவிக்காலம் அதிகபட்சம் நான்காண்டு; நீட்டிப்பும் இல்லை, மறுநியமனமும் இல்லை; 70 வயதானால் பதவி முடிந்தது. பதவி ஏற்கும்போதும் விடும்போதும் சொத்துகளையும் கடன்களையும் அறிவிக்க வேண்டும். தொழில், வணிகத் தொடர்புகளையும் அறிவிக்க வேண்டும். அவை ஆணையத்தின் இணையதளத்தில் வெளியாக வேண்டும். பழைய சட்டத்தோடு ஒப்பிட்டால் இவை பெரிய முன்னேற்றம்.

என்னை உறுத்துவது ஆறாம் பிரிவின் ஏழாம், எட்டாம் உட்பிரிவுகள். தலைவரோ உறுப்பினரோ தாம் கையாண்ட தனியார் மருத்துவ நிறுவனம் எதிலும், பதவி விட்ட இரண்டு ஆண்டுகளுக்கு, ஆலோசகராகக்கூட வேலையேற்கக் கூடாது என்று ஏழாம் உட்பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அரசு நிறுவனங்களில் சேர்வதற்கு அதிலேயே விலக்கு உண்டு, அது நியாயம்தான். ஆனால் எட்டாம் உட்பிரிவு, அப்படிக் கையாளப்பட்ட அதே தனியார் நிறுவனத்தில் வேலையேற்க ஒருவருக்கு மத்திய அரசு அனுமதி தருவதை ஏழாம் உட்பிரிவு தடுக்காது என்கிறது. எந்தச் சூழலில் அனுமதி தரலாம், காரணத்தை எழுத வேண்டுமா, அனுமதி ஆணையை வெளியிட வேண்டுமா என்பதைப் பற்றி அந்த உட்பிரிவில் ஒரு சொல்கூட இல்லை. கல்லூரிக்கு அங்கீகாரம் தரும் இடத்தில் இருந்தவருக்கும் அந்தக் கல்லூரிக்கும் நடுவே எழுப்பிய சுவரில், திறவுகோலை அரசிடம் கொடுத்து ஒரு கதவு வைத்திருக்கிறார்கள்.

நண்பர்களின் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

அறுவைக்கத்தி

சட்டமேசை ஐயா குறிப்பிட்ட எட்டாம் உட்பிரிவை நான் இதுவரை கவனித்ததில்லை, சுட்டிக்காட்டியதற்கு நன்றி. ஆயினும், தேர்தலா நியமனமா என்ற கேள்வியை அவர் சற்று விரைவாகக் கடந்துவிட்டார் என்பது அரசு மருத்துவமனையில் பணியாற்றும் என் எண்ணம்.

33 பேரில் மருத்துவர்களின் வாக்கு என்பது எங்கேயாவது தொட்டுக்கொண்டிருக்கிறதென்றால், அது ஒன்பது இடங்களில் மட்டும்தான். மாநில மருத்துவக் கவுன்சில்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட தம் உறுப்பினர்களில் ஒருவரை மருத்துவ ஆலோசனைக் குழுவுக்கு அனுப்புகின்றன. அப்படி அனுப்பப்பட்டவர்களிலிருந்து ஒன்பது பேர் இரண்டாண்டுக் காலத்துக்கு ஆணையத்துக்கு வருகிறார்கள். 28 மாநிலங்களும் 8 ஒன்றியப் பகுதிகளும் முறை வைத்துக்கொண்டால் ஒரு மாநிலத்துக்கு ஏறத்தாழ எட்டாண்டுக்கு ஒரு முறைதான் இந்த வாய்ப்பு வரும். மாநில அரசுகள் முன்மொழியும் மருத்துவப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கான பத்து இடங்களிலும் கணக்கு ஏறக்குறைய இதுதான். நாட்டிலேயே மிகுதியான மருத்துவக் கல்லூரிகளைக் கொண்ட மாநிலங்களில் ஒன்றான தமிழ்நாடு, ஆணையத்தின் மேசையில் ஒருவரும் இல்லாமலேயே பல ஆண்டுகளைக் கழிக்க நேரலாம்.

இதன் விளைவை 2023 ஆகஸ்டில் கண்ணெதிரே பார்த்தோம். பத்து லட்சம் மக்களுக்கு 100 எம்.பி.பி.எஸ். இடங்கள் என்ற உச்சவரம்பை ஆணையம் அறிவித்தது. பல்லாண்டுகளாகத் தன் செலவில் மாவட்டந்தோறும் அரசுக் கல்லூரிகளைக் கட்டிய மாநிலத்துக்கு, இனிப் புதிய கல்லூரியே கிடையாது என்பதுதான் அதன் பொருள். முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதிய பிறகு, பல தென்மாநிலங்களின் எதிர்ப்புக்கிடையே, அந்த ஆண்டு நவம்பரில் அது தள்ளிவைக்கப்பட்டது. மருத்துவர்களின் தொழில் ஒழுக்க விதிமுறைகளும் அதே ஆகஸ்ட் 2ஆம் நாள் அறிவிக்கப்பட்டு, மூன்று வாரங்களுக்குள் 23ஆம் நாள் நிறுத்திவைக்கப்பட்டன. வணிகப் பெயரில் அன்றிப் பொதுப்பெயரிலேயே மருந்தை எழுத வேண்டும் என்ற விதியால் எழுந்த எதிர்ப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம். தொழிலில் இருப்பவர்களின் குரல் உள்ளேயே ஒலித்திருந்தால், இவை அறிவிக்கப்படுமுன்பே திருத்தப்பட்டிருக்கும் அல்லவா?

தேர்தலில் குறையே இல்லை என்று வாதிட மாட்டேன். ஒரு மாநிலக் கவுன்சிலின் அஞ்சல் வாக்குத் தேர்தல் எப்படி நடந்தது என்பதை அருகிலிருந்து கண்டவன் நான். வாக்குச்சீட்டு பதிவேட்டில் இருக்கும் முகவரிக்குத்தான் வரும். படிப்பு முடித்தபோது கொடுத்த விடுதி முகவரியைப் பலர் மாற்றுவதேயில்லை. விடுதி அலுவலக மேசையில் கட்டுக்கட்டாகக் கிடந்த பழுப்பு நிற உறைகளை, வேட்பாளர் ஒருவருக்கு வேண்டியவர்கள் வந்து பெயர் பார்த்துப் பிரித்தெடுத்துச் சென்றதைப் பார்த்தேன். உறைக்குள் உறையாக இரண்டு உறைகள், உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து என்று விதிமுறை என்னவோ கறாராகத்தான் இருந்தது. ஆனால் இது தேர்தலை நடத்திய விதத்தில் உள்ள கோளாறு. முகவரியைப் புதுப்பிக்காமல் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்று ஒரு விதி போட்டாலே பாதி சரியாகிவிடும். அதற்காக வாக்குரிமையையே எடுத்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பொருநை

மருத்துவர் ஐயா, தங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் இந்த இழையில் இதுவரை பேசப்பட்டதெல்லாம் மருத்துவரின் குரலைப் பற்றியும் மாநிலத்தின் குரலைப் பற்றியும்தான். உரிமம் கொடுப்பதே யாருடைய பாதுகாப்புக்காகவோ, அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

33 பேரில் மருத்துவத்துக்கு வெளியிலிருந்து வரக்கூடியவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை மூன்று பகுதிநேர இடங்கள். அந்த மூன்றுக்கும் மேலாண்மை, சட்டம், மருத்துவ அறம், சுகாதார ஆய்வு, நுகர்வோர் அல்லது நோயாளர் உரிமை, அறிவியல் தொழில்நுட்பம், பொருளியல் என்று ஏழு துறைகளைச் சட்டம் அடுக்குகிறது. நோயாளர் உரிமைக்காக உழைத்தவர் ஒருவர்கூட இல்லாமல் இந்த மூன்று இடங்களையும் நிரப்பிவிடலாம். அதில் சட்ட மீறல் எதுவும் இல்லை.

நுகர்வோர் அமைப்பொன்றின் சார்பில், சிகிச்சையில் தாயை இழந்த ஒரு குடும்பத்தோடு ஒரு மாநிலக் கவுன்சிலின் விசாரணைக்குச் சென்றிருந்தேன். எதிரே வரிசையாக அமர்ந்திருந்த அனைவரும் மருத்துவர்கள். குற்றம் சாட்டப்பட்ட மருத்துவரை அவர்களில் இருவர் பெயர் சொல்லி, ஒருமையில், பழகிய குரலில் அழைத்தார்கள். இறந்தவரின் மகளிடம், "நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?" என்ற கேள்விதான் முதலில் வந்தது. பல மாதங்கள் கழித்து வந்த ஆணையில், மருத்துவர் தரப்பில் கவனக்குறைவு காணப்படவில்லை என்ற முடிவு ஒரே வாக்கியத்தில் இருந்தது. எந்த ஆவணத்தைப் பார்த்தார்கள், எந்த நிபுணரைக் கேட்டார்கள் என்ற விவரம் இல்லை. அந்த உறுப்பினர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே கல்லூரியில் படித்து, ஒரே சங்கத்தில் இருந்து, நாளை ஒருவருக்கொருவர் நோயாளிகளை அனுப்பிக்கொள்ளப் போகிறவர்களை மட்டுமே ஒரு மேசையில் அமர்த்தினால் வேறெதை எதிர்பார்க்க முடியும்?

மேல்முறையீட்டுக்குப் போனால் அங்கேயும் இதே கதைதான். சட்டத்தின் 30ஆம் பிரிவு, மாநிலக் கவுன்சிலின் நடவடிக்கையால் பாதிக்கப்பட்ட மருத்துவர், ஆணையத்தின் கீழுள்ள அறம் மற்றும் பதிவு வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. அதன் பிறகு ஆணையத்திடமும் செல்லலாம். புகார் கொடுத்தவருக்கு அந்தப் பிரிவில் அப்படி ஒரு வரி எழுதப்படவில்லை. தேர்தல் வேண்டும் என்பவர்களும் நியமனம் போதும் என்பவர்களும் இந்த வரியை முதலில் எழுத வைத்தால் நன்றாக இருக்கும்.

டீஸ் நதிக்கரை

இங்கிலாந்தின் வடகிழக்கில் பணியாற்றும் மருத்துவன் நான். பொருநை அம்மா கேட்ட கேள்வியை இந்த நாடு இருபது ஆண்டுகளுக்கு முன்பு மிகுந்த வேதனையோடு கேட்டுக்கொண்டது என்பதால், அதை இங்கே பதிவு செய்வது பயன்படும்.

இங்குள்ள பொது மருத்துவக் கவுன்சிலில் ஒரு காலத்தில் 104 உறுப்பினர்கள் இருந்தார்கள், பெரும்பான்மையினர் மருத்துவர்களே. 2003இல் அது 35ஆகக் குறைக்கப்பட்டது. அவர்களில் 19 பேர் மருத்துவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள், 14 பேர் பொதுமக்கள் தரப்பினர். இதற்கிடையில், தம் நோயாளிகளையே கொலை செய்த குடும்ப மருத்துவர் ஹரால்டு ஷிப்மன் குறித்த பொது விசாரணையை நடத்திய நீதிபதி ஜேனட் ஸ்மித், 2004இல் வெளியான தம் ஐந்தாம் அறிக்கையில் கவுன்சிலின் பண்பாட்டையே கேள்விக்குள்ளாக்கினார். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் தங்களுக்கு வாக்களித்த மருத்துவர்களின் பிரதிநிதிகளாகத் தங்களைக் கருதிக்கொள்கிறார்கள், நோயாளியின் பாதுகாப்பு இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது என்பது அவர் எழுப்பிய விமர்சனத்தின் சாரம். 2009 முதல் தேர்தல் அடியோடு நிறுத்தப்பட்டு, 12 மருத்துவர்களும் 12 பொதுமக்களுமாக 24 பேர் நியமிக்கப்பட்டார்கள். 2013இல் அது ஆறும் ஆறுமாகப் பன்னிரண்டு ஆயிற்று.

ஆக, நியமனம் என்பதாலேயே அது கெட்ட ஏற்பாடு ஆகிவிடாது. ஆனால் இங்கே நியமனம் நடக்கும் முறையைக் கவனியுங்கள். காலியிடம் பொது விளம்பரமாக வெளியாகிறது. தகுதியுள்ள யாரும் விண்ணப்பிக்கலாம். தேர்வு நடந்த முறை சரியா என்பதை, தொழில்முறைத் தரங்களுக்கான ஆணையம் என்ற தனி அமைப்பு ஆராய்ந்து, நியமிக்கும் அதிகாரம் கொண்ட, அரசருக்கு ஆலோசனை கூறும் பிரிவி கவுன்சிலுக்கு அறிவுரை கூறுகிறது. தவறு செய்த மருத்துவரின் வழக்கைக் கேட்பது கவுன்சில் உறுப்பினர்கள் அல்லர். அதற்கு 2012இல் ஒரு தனித் தீர்ப்பாயச் சேவை ஏற்படுத்தப்பட்டது. அதன் ஒவ்வோர் அமர்விலும் மருத்துவர் ஒருவரும் மருத்துவர் அல்லாதவர் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். விதி வகுப்பவரும் தண்டிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற இந்தப் பிரிவினையே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று நான் நினைக்கிறேன்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பயிற்சி மருத்துவர் ஒருவரை இடைநீக்கம் மட்டும் செய்த தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்துக் கவுன்சிலே உயர் நீதிமன்றம் சென்று, 2018 தொடக்கத்தில் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க வைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து இடைநீக்கத்தையே மீண்டும் நிலைநிறுத்தியது. ஆள் பற்றாக்குறையான நாளில் பணியில் இருந்த ஒரு பயிற்சி மருத்துவரைக் கவுன்சில் துரத்துகிறது என்று நாடு முழுவதும் மருத்துவர்கள் கொதித்தார்கள். அறுவைக்கத்தி அவர்கள் அஞ்சும் நம்பிக்கையிழப்பு இங்கேயும் உண்மையாகவே நேர்ந்தது. இன்றும் முழுதாக ஆறவில்லை.

தணிக்கைக்காரன்

பட்டயக் கணக்காளர் தரப்பிலிருந்து ஒரு சிறு குறிப்பு. எங்கள் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் கவுன்சிலில் 40 பேர். 32 பேர் வரை நாங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்கள், எட்டுப் பேர் வரை மத்திய அரசின் நியமனம். தேர்தல் நடக்கிறது, போட்டி இருக்கிறது, வாக்களிப்பு ஒழுங்காகவே நடக்கிறது. ஆனால் உறுப்பினர் மீதான புகார்கள் ஆண்டுக்கணக்கில் தேங்கின. 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிவந்தபோது, தணிக்கையாளரைத் தணிக்கை செய்பவர் யார் என்று நாடே கேட்டது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 132ஆம் பிரிவின்படி, 2018 அக்டோபரில் தேசிய நிதி அறிக்கையிடல் ஆணையம் அமைந்தபோது, பெரிய நிறுவனங்களின் தணிக்கையாளர்களை விசாரிக்கும் அதிகாரம் எங்கள் கையை விட்டுப் போயிற்று. 2022இல் வந்த திருத்தச் சட்டம், ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் தலைவர் கணக்காளர் அல்லாதவராக இருக்க வேண்டும் என்றதோடு, குழுவில் பெரும்பான்மையும் வெளியார்க்கே என்று வகுத்தது.

அன்று எங்களில் பலர் இதைத் தன்னாட்சியின் மீதான தாக்குதல் என்று எதிர்த்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கவுன்சிலைத் தேர்தலுக்கு விட்டுவிட்டு, தண்டனை மேசையில் மட்டும் வெளியாரைப் பெரும்பான்மையாக்கிய இந்த ஏற்பாடு, டீஸ் நதிக்கரை அவர்கள் சொன்ன பிரிவினைக்கு மிக நெருக்கமானது. மருத்துவர்களின் வாக்குரிமையைப் பறிக்காமலேயே பொருநை அம்மாவின் கேள்விக்கு விடை காண முடியும் என்பதற்கு இதுவே உள்ளூர்ச் சான்று.

அறுவைக்கத்தி

தணிக்கைக்காரன் அவர்கள் சொன்ன ஏற்பாட்டை நான் முழு மனத்தோடு ஏற்பேன். விசாரணை மேசையில் வெளியார் இருப்பது நேர்மையான மருத்துவருக்கு நன்மையே. கவுன்சில் அவரைக் குற்றமற்றவர் என்று சொல்லும்போது, சக மருத்துவர்கள் காப்பாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு எழாது. வெளியார் என்ற பெயரில் ஓய்வுபெற்ற அதிகாரிகளை மட்டும் கொண்டுவந்து அமர்த்தாமல் இருந்தால் போதும்.

மட்டுறுத்துநர்

2025 ஜூலையில் வெளிவந்த மருத்துவக் கல்லூரி ஆய்வு தொடர்பான மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கைக் குறிப்பிட்டு வந்த இரண்டு பதிவுகளில் தனிநபர்களின் பெயர்களை நீக்கியிருக்கிறேன். வழக்கு நீதிமன்றத்தில் முடிவாகாத நிலையில், அமைப்பின் விதிகளைப் பற்றி மட்டும் பேசுமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

சட்டமேசை

மட்டுறுத்துநரின் வேண்டுகோள் சரியானதே. அந்த வழக்கில் ஆய்வு பற்றிய இரகசியத் தகவல்கள் கல்லூரிகளுக்கு முன்கூட்டியே கசிந்தன என்பதே குற்றச்சாட்டு. அமைச்சக அலுவலர்களும் ஆய்வுக்குச் சென்ற மதிப்பீட்டாளர்களும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். உண்மை எதுவென்று நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் நம் விவாதத்துக்குத் தேவையான ஒரு செய்தி அதில் இருக்கிறது. சொத்து அறிவிப்பு, இரண்டாண்டுத் தடை முதலியவற்றை ஆறாம் பிரிவு விதிப்பது தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்தான். கல்லூரி வாசலில் போய் இறங்கி, படுக்கைகளையும் ஆசிரியர்களையும் எண்ணிக் குறிப்பெடுக்கும் மதிப்பீட்டாளரை அந்தப் பிரிவு தொடுவதில்லை. கட்டுப்பாட்டை மேலே மட்டும் போட்டுவிட்டு, பேரம் நடக்கக்கூடிய இடத்தை விட்டுவிட்டோம்.

என் சொந்தத் தொழிலைப் பற்றிப் பேசாமல் மருத்துவர்களைப் பற்றி மட்டும் பேசுவது முறையாகாது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி, பத்தாயிரத்துக்கு மேல் வழக்கறிஞர்கள் உள்ள மாநிலத்தின் பார் கவுன்சிலுக்கு 25 பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். அரசுத் தலைமை வழக்கறிஞர் பதவி வழியாக வருகிறார். ஒழுங்கு நடவடிக்கைக் குழு மூவர் கொண்டது, மூவரும் வழக்கறிஞர்கள். கட்சிக்காரரின் பணத்தை வைத்துக்கொண்ட வழக்கறிஞர் மீதான புகாரைக் கேட்கும் அறையில், கட்சிக்காரரின் இடத்திலிருந்து பார்க்கக்கூடிய ஒருவரும் இல்லை. பதவிக்காலம் ஐந்தாண்டு, அகில இந்தியக் கவுன்சில் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம் என்பதே சட்டம். தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு 2018இல் தேர்தல் நடந்தது. ஐந்தாண்டும் ஆறு மாதமும் கடந்தபோது அடுத்த தேர்தல் நடந்திருக்கவில்லை. தேர்தலை முழுமையாக நம்பியிருக்கும் அமைப்பில் தேர்தலே காலத்தில் நடக்காவிட்டால், அதன் உறுப்பினர்கள் யாருடைய ஆணையில் அமர்ந்திருக்கிறார்கள்?

தேர்தல் வழி வந்தவர்கள் தங்கள் தொழிலின் வருமானத்தைக் காக்கவே உரிம அதிகாரத்தைப் பயன்படுத்தலாம் என்பதற்கு அமெரிக்காவின் வட கரோலினா பல் மருத்துவ வாரியம் தெளிவான எடுத்துக்காட்டு. எட்டுப் பேரில் ஆறு பேர் தொழில் செய்யும் பல் மருத்துவர்கள். அவர்களைத் தேர்ந்தெடுப்பவர்களும் பல் மருத்துவர்களே. வணிக வளாகங்களில் குறைந்த கட்டணத்தில் பல் வெளுப்பு செய்துவந்தவர்களுக்கு, அது உரிமமில்லாத பல் மருத்துவம் என்று கூறி, நிறுத்தச் சொல்லி வாரியம் குறைந்தது 47 கடிதங்களை அனுப்பியது. பல் மருத்துவர்கள் அனுப்பிய புகார்களில் பெரும்பாலானவை நோயாளிக்கு நேர்ந்த தீங்கைப் பற்றியவை அல்ல, கட்டணம் குறைவு என்பதைப் பற்றியவை. 2015 பிப்ரவரி 25 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், அதே தொழிலில் இருப்பவர்களின் கட்டுப்பாட்டில் உள்ள வாரியத்தை அரசு முனைப்போடு மேற்பார்வையிடாவிட்டால், போட்டிச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்கு கிடையாது என்று தீர்ப்பளித்தது. மேற்பார்வை என்பது வாரியத்தின் முடிவின் உள்ளடக்கத்தையே ஆராய்ந்து, பொதுக்கொள்கைக்கு முரணானால் மாற்றவும் தடுக்கவும் வல்லதாக இருக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் விளக்கியது.

நம் சட்டத்தில் அரசுக்கு அப்படிப்பட்ட அதிகாரம் இல்லாமல் இல்லை. அது இருக்கும் வடிவம்தான் கவலை தருகிறது. 45ஆம் பிரிவின்படி, கொள்கைக் கேள்விகளில் மத்திய அரசு தரும் வழிகாட்டுதல்களுக்கு ஆணையம் கட்டுப்பட்டது. ஒரு கேள்வி கொள்கை சார்ந்ததா இல்லையா என்பதிலும் அரசின் முடிவே இறுதியானது. ஏழாம் பிரிவின்படி, பதவியைத் தவறாகப் பயன்படுத்தினார் என்றோ, பணிக்கு ஊறு செய்யும் நிதி நலன் பெற்றார் என்றோ உறுப்பினரை அரசு நீக்கலாம். தன் தரப்பைச் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தந்தால் போதும். வெளியார் ஒருவரின் விசாரணை அறிக்கை வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. நாடாளுமன்றம் இதே ஆணைய முறையை 2021இல் துணை மருத்துவத் தொழில்களுக்கும், 2023இல் பல் மருத்துவத்துக்கும் செவிலியத்துக்கும் விரித்துவிட்டது. ஒரு சட்டத்தின் ஓட்டை பல சட்டங்களின் ஓட்டையாவதற்கு முன் பேசியிருக்க வேண்டிய விவாதம் இது.

பொருநை

ஐயா, ஒரு சந்தேகம். காலியிடம் ஏற்பட்டால் எத்தனை நாளில் நிரப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா? 2024 ஜூலையில் நியமிக்கப்பட்ட ஆணையத் தலைவர் ஓராண்டுக்குள் பதவி விலகல் கொடுத்ததாகவும், 2025 ஜூலையில்தான் அடுத்தவர் நியமிக்கப்பட்டதாகவும் செய்திகளில் படித்தேன்.

சட்டமேசை

மரணம், விலகல், நீக்கம் ஆகியவற்றால் காலியிடம் ஏற்பட்டால் ஒரு மாதத்துக்குள்ளும், பதவிக்காலம் முடிவதனால் என்றால் அது முடிவதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள்ளும், தேடுதல் குழுவிடம் அரசு அதை அனுப்ப வேண்டும் என்று ஐந்தாம் பிரிவு சொல்கிறது. அனுப்புவதற்குத்தான் இந்தக் காலக்கெடு. குழு பெயர்களைத் தந்த பிறகு இத்தனை நாளில் நியமித்தாக வேண்டும் என்ற வரி அதில் இல்லை. ஆணையத்தின் கீழ் இயங்கும் தன்னாட்சி வாரியங்கள் ஒவ்வொன்றிலும் தலைவரையும் சேர்த்து ஐவர்தான். இருவர் இல்லாவிட்டாலே வாரியம் தடுமாறும்.

எட்டாம் உட்பிரிவைப் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். சுகாதார அமைச்சகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு. 2020 செப்டம்பர் 25 முதல் இன்றுவரை அந்த உட்பிரிவின்படி அனுமதி கேட்டவர்கள் எத்தனை பேர், அனுமதி பெற்றவர்கள் எத்தனை பேர், ஒவ்வோர் அனுமதிக்கும் பதிவு செய்யப்பட்ட காரணம் என்ன, அனுமதி ஆணைகளின் நகல்கள் ஆகியவற்றைக் கேட்டிருக்கிறேன். பெயர்களைத் தர மறுத்தாலும் எண்ணிக்கையை மறுப்பது அவர்களுக்குக் கடினம் என்பதால் அதை முதல் கேள்வியாக வைத்தேன்.

பொருநை

நல்லது ஐயா. மாநிலக் கவுன்சிலுக்கு எங்கள் அமைப்பின் பெயரில் நானும் ஒரு விண்ணப்பம் அனுப்புகிறேன். கடந்த ஐந்தாண்டுகளில் வந்த புகார்கள் எத்தனை, முடிந்தவை எத்தனை, முடிவுகளில் காரணத்தோடு எழுதப்பட்ட ஆணைகள் எத்தனை, விசாரணைக் குழுக்களில் மருத்துவர் அல்லாதவர் யாரேனும் அமர்ந்தார்களா என்ற நான்கையும் கேட்கிறேன். முப்பது நாள் கழித்து வரும் பதிலை இதே இழையில் பதிவிடுகிறேன். அறுவைக்கத்தி ஐயா, பதிவு புதுப்பித்தலின்போது முகவரிச் சரிபார்ப்பு நடக்கிறதா என்ற கேள்வியையும் சேர்க்க விரும்பினால், அதன் வாசகத்தைத் தாங்களே எழுதித் தந்துவிடுங்கள். வரும் திங்களன்று அஞ்சலில் சேர்க்க எண்ணியிருக்கிறேன்.